திருட்டுப் பொருளைக் காசு கொடுத்து வாங்கினால் அது யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பழைய பொருள் சந்தை. 2009-இல் அங்கே ஒரு பெட்டியை ஏழு டாலருக்கு வாங்கியதாக ஒரு பெண் சொன்னார். பெட்டிக்குள் ஒரு பொம்மை, ஒரு பிளாஸ்டிக் மாடு, கூடவே சட்டமிட்ட சின்ன ஓவியம் ஒன்று. ஓவியம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் உயரம், 23 சென்டிமீட்டர் அகலம். சட்டத்தில் ‘ரெனுவார்’ என்று ஒரு பெயர்த் தகடு. 2012-இல் அவர் அதை ஓர் ஏல நிறுவனத்திடம் கொண்டுபோனார். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1879-இல் சென் நதிக்கரையை வரைந்த ஓவியம் அது என்று அங்கே உறுதிசெய்தார்கள். 75,000 முதல் 1,00,000 டாலர் வரை போகும் என்று மதிப்பிட்டு, செப்டம்பர் கடைசியில் ஏலத்துக்கு நாள் குறித்தார்கள்.

ஏலம் நடக்கவில்லை. பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தின் நூலகத்தில் பழைய காகிதங்களைப் புரட்டிய ஒரு செய்தியாளர், இதே ஓவியத்தை சேடி மே என்ற புரவலர் அந்த அருங்காட்சியகத்துக்கு இரவலாகக் கொடுத்திருந்ததற்கான குறிப்பைக் கண்டுபிடித்தார். அதன்பின் அருங்காட்சியகம் தன் ஆவணங்களைத் தேடியபோது, 1951 நவம்பரில் ஓவியம் திருடுபோனது தெரியவந்தது. காப்பீட்டு நிறுவனம் 2,500 டாலர் இழப்பீடும் கொடுத்திருந்தது. எஃப்பிஐ ஓவியத்தைக் கைப்பற்றியது, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2014 ஜனவரியில் தீர்ப்பு: ஓவியம் அருங்காட்சியகத்துக்கே.

யாரோ வைத்த கடையில், எல்லோர் கண்ணெதிரே, காசு கொடுத்து வாங்கியதாகச் சொன்னவருக்கு ஓவியம் இல்லை. அறுபது ஆண்டுகளாக அதைப் பற்றி வாய் திறக்காத அருங்காட்சியகத்துக்கு அது கிடைத்தது. ஏன்? இந்தக் கேள்விக்கான பதில் புரிந்துவிட்டால், பழைய பொருள் சந்தையில் திருட்டுப் பொருள் விற்கப்படுவது பற்றிய சட்டத்தின் பெரும்பகுதி புரிந்துவிடும். லட்சக்கணக்கில் போகும் ஓவியத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 3,000 ரூபாய்க்கு விற்கும் செல்போனுக்கும் விதி ஒன்றுதான்.

கையில் இருப்பதும் சொந்தமாக இருப்பதும்

ஒரு பொருள் ஒருவர் கையில் இருக்கிறது என்பதும், அது அவருக்குச் சொந்தம் என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். நம் அன்றாட வாழ்க்கையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஏணியை இரவல் வாங்கினால், ஏணி உங்கள் கையில், சொந்தம் அவர்களுக்கு. திருடனின் நிலையும் இதேதான். அவன் கையில் பொருள் இருக்கிறது, உரிமை இல்லை.

இப்போது அவன் அதை விற்கிறான். விற்பனை என்றால் என்ன? என்னிடம் இருக்கும் உரிமையை விலைக்கு உங்களுக்கு மாற்றிக் கொடுப்பது. உரிமையே இல்லாதவன் எதை மாற்றிக் கொடுப்பான்? தன்னிடம் இல்லாததை எவரும் பிறருக்குத் தர முடியாது என்பது ரோமானியர் காலத்திலிருந்து வழங்கிவரும் கோட்பாடு. இந்தியாவில் 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 27, இதையே சொல்கிறது: சொந்தக்காரர் அல்லாத ஒருவர், சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் விற்றால், வாங்குபவருக்கு விற்றவனிடம் இருந்ததைவிட மேலான உரிமை எதுவும் கிடைக்காது.

கைகள் எத்தனை மாறினாலும் இதில் மாற்றமில்லை. விடுதி அறையிலிருந்து ஒரு மாணவியின் லேப்டாப் திருடுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். திருடியவன் பழைய எலக்ட்ரானிக்ஸ் வாங்கும் ஒருவரிடம் கொடுக்கிறான். அவர் இன்னொரு ஊர்க் கடைக்கு அனுப்புகிறார். கடைக்காரர் அதைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, சந்தையில் விற்பவரிடம் கொடுக்கிறார். கடைசியில் இன்னொரு மாணவனின் அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து அதை மகனுக்கு வாங்கித் தருகிறார்களென்றால், அந்த அம்மாவிடம் ஒரு துளி குற்றமும் இல்லை. ஆனாலும் லேப்டாப் முதல் மாணவிக்கே சொந்தம். நடுவில் போட்ட பேட்டரியாலோ நான்கு கை மாறியதாலோ உரிமை பிறந்துவிடாது.

திருட்டு வேறு, ஏமாற்று வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் குழம்பும் இடம் இது. என் பைக்கை ஒருவர் செல்லாத செக்கைக் கொடுத்து என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போகிறார் என்றால், நான் ஏமாந்துதான் கொடுத்தேன், ஆனால் கொடுத்தேன். அந்த விற்பனையை நான் ரத்துசெய்வதற்கு முன்பே, விஷயம் தெரியாத ஒருவருக்கு அவர் பைக்கை விற்றுவிட்டால், வாங்கியவருக்கு முழு உரிமை உண்டு (அதே சட்டம், பிரிவு 29). திருடன் விஷயத்தில் நான் எதையும் கொடுக்கவே இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தால் விளைவு தலைகீழாகிறது.

பணத்துக்கும் விதிவிலக்கு உண்டு. 1758-இல் லண்டன் நீதிமன்றத்தில், தபாலிலிருந்து கொள்ளைபோன ஒரு வங்கி நோட்டைப் பற்றிய வழக்கு வந்தது. அதை நல்லெண்ணத்தோடு பெற்று அதற்கான மதிப்பைக் கொடுத்தவருக்கே நோட்டு சொந்தம் என்று மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். ஒவ்வொரு நோட்டும் எந்தக் கை வழியாக வந்தது என்று கடைக்காரர் விசாரித்துக்கொண்டிருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? ஆகவே காசுக்கு ஒரு நியாயம், பொருளுக்கு ஒரு நியாயம்.

இங்கிலாந்தின் வெளிச்சந்தை விதி

இவ்வளவு தெளிவான கோட்பாட்டுக்கு இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. திருட்டுப் பொருளாகவே இருந்தாலும், அதை அங்கீகரிக்கப்பட்ட பொதுச் சந்தையில், சந்தை வழக்கப்படி, வெளிப்படையாக விற்று, வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், பொருள் வாங்கியவருக்கே சொந்தமாகிவிடும். திருட்டுக் கொடுத்தவர் கைவிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

இன்று கேட்க அநியாயமாகத் தெரியும். அன்று அதற்கு ஒரு காரணம் இருந்தது. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு வட்டாரத்துக்குச் சந்தை ஒன்று. கூடும் நாள் எல்லோருக்கும் தெரியும். மாடோ பாத்திரமோ களவு போனால், சொந்தக்காரர் முதலில் தேடிப் போகும் இடம் அந்தச் சந்தை. அங்கே வெளிச்சத்தில் வைத்து விற்கப்பட்டும் அவர் வந்து கேட்கவில்லை என்றால், இனி வாங்கியவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பது அன்றைய எண்ணம். சந்தைக்கு வருபவர்கள் பயமில்லாமல் வாங்கினால்தான் சந்தை தழைக்கும் என்ற அக்கறையும் சேர்ந்தது.

அதனால்தான் ‘வெளிப்படை’ என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் மிகக் கறாராகப் பார்த்தன. லண்டன் மாநகரின் உட்பகுதியில் ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒவ்வொரு கடையுமே வெளிச்சந்தைதான். ஆனால் அந்தக் கடையில் வழக்கமாக விற்கும் பொருளுக்கு மட்டும். திருடப்பட்ட வெள்ளிப் பாத்திரம் ஒன்றைப் பத்திரம் எழுதுபவரின் கடையில் வைத்து விற்ற வழக்கு 1596-இல் வந்தது. பொற்கொல்லர் கடையில் விற்றிருந்தால் செல்லும், பத்திரக் கடையில் விற்றது செல்லாது என்றார்கள். வெள்ளிப் பாத்திரத்தைத் தொலைத்தவர் பத்திரக் கடையில் போய் ஏன் தேடப்போகிறார்?

குதிரைக்கு இன்னும் கடுமை. இன்றைக்கு பைக் திருட்டு எப்படியோ அப்படித்தான் அன்று குதிரைத் திருட்டு. திருடிய பொருள் தானே ஓடித் தப்ப உதவும். 16-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சட்டங்களின்படி, விற்பனைக்கு வந்த குதிரையைக் காலை 10 மணிக்கும் சூரியன் மறைவதற்கும் இடையில் முழுதாக ஒரு மணி நேரம் சந்தையின் பொது இடத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். நிறம், அடையாளம், விலை, விற்பவர் யார், வாங்குபவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம் சந்தைக் கணக்கரின் பதிவேட்டில் ஏற வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும், குதிரையைப் பறிகொடுத்தவர் ஆறு மாதத்துக்குள் உரிமை கோரி, சாட்சியோடு நிரூபித்து, வாங்கியவர் கொடுத்த விலையைத் திருப்பிக் கொடுத்தால் குதிரையை மீட்டுக்கொள்ளலாம். நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பழைய பொருள் வியாபாரத்தின் நோயையும் மருந்தையும் இவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பொருளின் அடையாளத்தையும் விற்பவரின் பெயரையும் எழுதி வை என்பதைத் தாண்டி இன்றைய சட்டங்களும் பெரிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

20-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். லண்டனின் தெற்குக் கரையில் பெர்மண்ட்சி என்ற பகுதியில், வெள்ளிக்கிழமை விடியுமுன் கூடும் பழங்கலைப் பொருள் சந்தை புகழ்பெற்றது. நியூ கலிடோனியன் சந்தை என்பது அதன் இன்னொரு பெயர். வியாபாரிகள் இருட்டில் டார்ச் விளக்கோடு வந்து தேடுவார்கள். அங்கே திருட்டுப் பொருள் வந்தால் வெளிச்சந்தை விதி அதைச் சட்டப்படி வெளுத்துக் கொடுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திருடப்பட்ட ஓர் இணை அலங்கார மெழுகுவத்தித் தாங்கிகளைப் பற்றிய வழக்கு ஒன்று 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. அவை விற்கப்பட்டது இதே சந்தையில்; ஆனால் சூரியன் உதிப்பதற்கு முன். நீதிபதி டென்னிங் பிரபு பழைய நூல்களைப் புரட்டி, வெளிச்சந்தை விற்பனை சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையில்தான் நடக்க வேண்டும் என்றார். வாங்கியவருக்கு உரிமை கிடைக்கவில்லை. பொழுது புலர்ந்த பிறகு வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும்! ஒருவரின் சொத்து அவருடையதா இல்லையா என்பதைச் சூரியன் தீர்மானிக்கும் நிலை.

இப்படி ஒரு விதி நெடுநாள் தாங்காது. லண்டனின் லிங்கன்ஸ் இன் என்ற வழக்கறிஞர் சங்க வளாகத்திலிருந்து 1990-இல் புகழ்பெற்ற ஆங்கில ஓவியர்களான கெய்ன்ஸ்பரோ, ரெனால்ட்ஸ் இருவரின் ஓவியங்கள் திருடுபோயின. அவை பெர்மண்ட்சி சந்தையில் அற்ப விலைக்குக் கைமாறிய செய்தி பலரை உலுக்கியது. வழக்கறிஞர்களின் வீட்டிலேயே திருடு, அதையும் சட்டமே செல்லுபடியாக்குகிறது என்றால்? 1994-இல் திருத்தச் சட்டம் வந்தது. 1995 ஜனவரி 3 முதல் இங்கிலாந்தில் வெளிச்சந்தை விதி இல்லை. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலேயரின் 1893-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டதுதான். ஆனால் இந்த விதியை நம்மவர் சட்டத்தில் சேர்க்கவில்லை. மிக நல்ல முடிவு என்பேன்.

பிரான்ஸ் நடுவழி ஒன்றைப் பிடித்தது. அங்கே பொருளைப் பறிகொடுத்தவர் மூன்று ஆண்டுக்குள் கேட்டால் திரும்பப் பெறலாம். ஆனால் இப்போது வைத்திருப்பவர் அதைச் சந்தையிலோ பொது ஏலத்திலோ அதே வகைப் பொருள் விற்கும் வியாபாரியிடமோ வாங்கியிருந்தால், அவர் கொடுத்த விலையைச் சொந்தக்காரர் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். குற்றமற்ற இருவரில் ஒருவர் பொருளை இழக்க வேண்டும், அல்லது மற்றவர் பணத்தை இழக்க வேண்டும் என்ற இக்கட்டுக்கு இது ஒரு விடை. சொந்தப் பொருளை மறுபடி விலைகொடுத்து வாங்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை என்றாலும், வாங்கியவரின் வலியையும் ஒரு சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது என்பதை மதிக்கிறேன். அதோடு பிரான்ஸில் பழைய பொருள் வியாபாரிகள் எதை, யாரிடம் வாங்கினோம் என்று பதிவேடு வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் அதுவே குற்றம்.

திருட்டுப் பொருள் ஏன் சந்தையைத் தேடி வருகிறது?

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழைய பொருள் சந்தையில் கடை விரிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் நேர்மையாகப் பிழைப்பவர்கள். வீடு காலிசெய்பவர்களிடம் சாமான் வாங்குபவர்கள், பழைய இரும்புக்கடையிலிருந்து நல்லதைப் பொறுக்கி எடுத்துப் பழுதுபார்ப்பவர்கள், பழைய புத்தகமும் பித்தளைப் பாத்திரமும் விற்பவர்கள். வசதி இல்லாத குடும்பத்துக்கு மிக்சியும் சைக்கிளும் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது இவர்களால். ஒரு சந்தையையே ‘திருட்டுச் சந்தை’ என்று முத்திரை குத்தும் வழக்கம் இவர்களுக்குச் செய்யும் கொடுமை. திருட்டுப் பொருள் வந்து கலந்தால் முதல் அடி இவர்களுக்கே: காசு போடாமல் வந்த பொருளின் விலையோடு, காசு கொடுத்து வாங்கி விற்பவர் எப்படிப் போட்டி போடுவார்?

திருடனின் கண்ணில் பாருங்கள். திருடிய செல்போனைத் தின்ன முடியாது. அதைக் காசாக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். பொருள் கையில் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. அதனால் அவன் மிகக் குறைந்த விலைக்கு, கேள்வி கேட்காமல் வாங்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறான். இந்த இடைத்தரகர்தான் முழு இயந்திரத்தின் அச்சாணி. அவரிடம் பணமும் பொறுமையும் இருக்கின்றன. பொருளைச் சில வாரம் ஒதுக்கி வைப்பார், ஊர் மாற்றி அனுப்புவார், அடையாளத்தை அழிப்பார், பிரித்து உதிரியாக விற்பார். முழு பைக்காக மாட்டக்கூடியது, கார்புரேட்டரும் டயரும் சைலன்சருமாகப் பிரிந்தால் எதில் பெயர் எழுதியிருக்கிறது?

இடைத்தரகரின் பலத்துக்கு வரலாற்றிலேயே பெரிய சாட்சி ஜோனதன் வைல்ட். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில், தொலைந்த பொருளை மீட்டுத் தரும் அலுவலகம் நடத்தினார். பறிகொடுத்தவர்கள் போய்ச் சொன்னால், கொஞ்ச நாளில் பொருள் கிடைக்கும். வெகுமதி கொடுக்க வேண்டும். ஊரே அவரைக் காவலர் என்று கொண்டாடியது. திருடர் கூட்டமே அவர் கைக்குள் இருந்தது என்பது பிறகுதான் வெளியே வந்தது. திருட்டுப் பொருளை வாங்கி மூன்றாமவருக்கு விற்பதைவிட, பறிகொடுத்தவரிடமே விற்பதில் லாபம் அதிகம் என்று கண்டுகொண்டவர் அவர். திருடனைப் பிடித்துக் கொடுக்காமல், திருட்டுப் பொருளைத் திருப்பித் தரக் கூலி வாங்குவதே பெருங்குற்றம் என்று அந்தக் காலத்திலேயே சட்டம் கொண்டுவந்தார்கள். கடைசியில் ஒரு லேஸ் துணி விவகாரத்தில் அந்தச் சட்டத்தின் கீழேயே சிக்கி, 1725 மே மாதம் தூக்கிலிடப்பட்டார்.

சரி, இடைத்தரகரிடமிருந்து பொருள் சந்தைக்கு ஏன் வருகிறது? சந்தையில் ரொக்கம்தான் புழங்கும். பில் இல்லை. இன்று இருக்கும் கடை அடுத்த வாரம் அதே இடத்தில் இருக்கும் என்ற உறுதி இல்லை. பெட்டியும் பில்லும் இல்லாத பொருள் பெரிய கடையில் இருந்தால் சந்தேகம் வரும். இங்கே எல்லாமே அப்படித்தான் இருக்கும். நூறு நல்ல பொருளுக்கு நடுவே நான்கு கெட்ட பொருள் கண்ணில் படாது. வாங்க வருபவரும் மலிவை எதிர்பார்த்தே வருகிறார். ஆகவே விலை குறைவாக இருப்பதே சந்தேகத்தைக் கிளப்ப வேண்டிய இடத்தில் சந்தோஷத்தைக் கிளப்புகிறது. திருட்டுத் தொழில் உயிரோடு இருப்பது அந்தச் சந்தோஷத்தில்தான் என்பதை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

உரிமை பற்றி மேலே பார்த்தோம். குற்றம் என்பது தனிக் கணக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 410 முதல் 414 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-ஆம் பிரிவாக ஒன்றுசேர்ந்துள்ளன. திருட்டு, வழிப்பறி, கொள்ளை போன்றவற்றால் வந்த சொத்தை, அது திருட்டுச் சொத்து என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்ற முறையில் வாங்கினாலோ வைத்திருந்தாலோ, மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இதையே வழக்கமான தொழிலாகச் செய்பவருக்கு ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். திருடுபவனைவிட, திருட்டுப் பொருளை வாங்கி விற்பதைத் தொழிலாக்கிக்கொண்டவரைச் சட்டம் அதிகம் அஞ்சுகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

‘நம்பக் காரணம் இருந்தும்’ என்ற சொற்களை இரண்டு முறை படியுங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்பது மட்டும் கேடயம் ஆகாது. புத்தம்புது போன், ஐந்தில் ஒரு பங்கு விலை, லாக் திறக்கவில்லை, சார்ஜர் இல்லை, விற்பவர் பெயர் சொல்ல மறுக்கிறார்: இவ்வளவு இருந்தும் வாங்கியவர், சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் நம்ப வேண்டுமே. சாட்சியச் சட்டத்தில் பழைய ஊகம் ஒன்றும் இருக்கிறது. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. திருட்டு நடந்த சில காலத்துக்குள் பொருள் ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் விளக்க முடியாவிட்டால், அவர் திருடியவர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் கருதலாம். கருதியே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு சிறு பில்லோ, பணம் அனுப்பிய பதிவோ இருந்தால் அந்த விளக்கம் எவ்வளவு எளிதாகிவிடுகிறது!

உண்மையிலேயே அறியாமல் வாங்கியவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் பொருளைக் காவல்துறை கைப்பற்றும். நீதிமன்றம் வழியாக அது உரியவரிடம் போகும். கொடுத்த பணம்? அதை விற்றவரிடம் கேட்கச் சட்டத்தில் முழு உரிமை உண்டு. விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்பது ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கிய வாக்குறுதி (பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 14). இங்கிலாந்தில் 1923-இல் ஒரு வழக்கு: 334 பவுண்டுக்கு வாங்கிய கார் சில மாதம் ஓடிய பிறகு திருட்டுக் கார் என்று தெரிந்து போலீஸ் எடுத்துக்கொண்டது. ஓட்டிய மாதங்களுக்குக் கழிக்க வேண்டாமா என்று விற்றவர் கேட்டார். உரிமையை வாங்கத்தான் பணம் கொடுத்தார், அது கிடைக்கவே இல்லை, முழுத் தொகையையும் கொடு என்றது நீதிமன்றம். சட்டம் தெளிவு. ஆனால் சந்தையில் துண்டை விரித்து விற்றவரை மூன்று மாதம் கழித்து எங்கே தேடுவது? வாங்கியவர் வெளியே சொல்லவும் கூசி, திருடனுக்குத் தேள் கொட்டியது போல, செய்யாத குற்றத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார். அப்படி இருக்கத் தேவையில்லை என்பதைச் சொல்லவே இவ்வளவும் எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்

செல்போனில்தான் இப்போது அதிக வசதி இருக்கிறது; அதிகம் திருடுபோவதும் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ என்ற 15 இலக்க எண் உண்டு. இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு எண். போனில் *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்தது. போனைப் பறிகொடுத்தவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு அங்கே பதிந்தால், அந்த ஐஎம்இஐ எல்லா நெட்வொர்க்கிலும் முடக்கப்படும். யாராவது அதில் சிம் போட்டால் தடம் தெரியும். மீண்டும் கிடைத்தால் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம். வாங்குபவருக்கு: ஆங்கில எழுத்தில் கே, ஒய், எம் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணை எழுதி 14422 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், போன் முடக்கப்பட்டதா, அந்த எண் வேறு போனின் நகலா என்று பதில் வரும். கடைக்காரரின் முன்னாலேயே செய்யலாம். நேர்மையான வியாபாரி முகம் சுளிக்க மாட்டார்.

திரையில் வரும் எண்ணும் சிம் தட்டில் அல்லது பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஐஎம்இஐயை மாற்றுவதே தனிக் குற்றம். முந்தைய சொந்தக்காரரின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறாத போனையும் தொடாதீர்கள். விற்பவர் உண்மையான சொந்தக்காரர் என்றால் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாதா?

பைக் என்றால் ஆர்சி புத்தகத்தைப் பார்ப்பது போதாது. அதில் இருக்கும் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பொறித்த இடத்தில் தேய்த்த தடமோ புது பெயிண்டோ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைக் கொடுத்து, வண்டியின் வகையும் காப்பீடும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட விற்பவர் தயங்கினால், வண்டி அவருடையது அல்ல என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நகையைச் சந்தையிலோ தெருவிலோ வாங்கவே வாங்காதீர்கள். உருக்கிவிட்டால் அடையாளமே போய்விடும் பொருள் அது; அதனாலேயே திருடர்களுக்கு மிகப் பிடித்ததும் அதுதான். ஒரு தாலிச் சங்கிலிக்குப் பின்னால் எந்த வீட்டில் யார் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மற்றவற்றுக்கு, கருவிகள், கேமரா, மிக்சி, சைக்கிள் எதுவானாலும், விற்பவரிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். இது யார் வைத்திருந்தது, ஏன் கொடுத்தார்கள், என்ன பழுது பார்த்தீர்கள்? பொருளைத் தானே வாங்கிச் சீர்செய்தவருக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும், பெருமையோடு சொல்வார். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் வேண்டாம். ரொக்கத்துக்குப் பதில் யுபிஐயில் பணம் அனுப்புங்கள். பெயரும் நேரமும் தொகையும் தானாகவே பதிவாகிவிடும். ஒரு துண்டுச் சீட்டில் பொருளின் பெயர், எண், விலை, விற்பவரின் பெயர், செல் நம்பர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பொருள்களுக்கும் இதே வேலையைச் செய்யலாம். போனின் ஐஎம்இஐ, லேப்டாப்பின் சீரியல் எண், சைக்கிளின் சட்டக எண், நகைகளின் புகைப்படம், பில்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, படம் எடுத்து, மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். காவல் நிலையத்தில் ‘கறுப்பு கலர் போன்’ என்று சொல்லும் புகாரால் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. போலீஸ் பொருளை மீட்ட பிறகும், அது உங்களுடையதுதான் என்று காட்ட ஆதாரம் இல்லாததால் கிடங்கில் தூங்கும் பொருள்கள் ஏராளம். எண் கையில் இருந்தால், வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்காலமாகப் பொருளைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனு போடலாம்.

வாங்கிய பிறகு சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: நஷ்டத்தைத் தவிர்க்க அதை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். அதுவரை நீங்கள் ஏமாந்தவர். சந்தேகத்தோடு விற்ற கணத்திலிருந்து நீங்களும் அந்தச் சங்கிலியில் ஒருவர். பொருளைப் பயன்படுத்துவதை நிறுத்தி, எங்கே, எந்த நாள், யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று நினைவு இருக்கும்போதே எழுதி, பணம் அனுப்பிய பதிவோடு அருகிலுள்ள காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தயக்கமாக இருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தை அணுகி இலவச உதவி கேட்கலாம்.